புவனம் மறுத்த இரண்டாவது ஊசி

அன்று காலை தாதிப் பயிற்சி வகுப்பில் உங்களுக்குத்தான் நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் 'மருந்தின் உறிஞ்சல்' என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டுத் திரும்பினால், வாசலில் அட்டென்டன் கந்தையா அண்ணன் நிற்கிறார். சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். "மிஸி, புவனேஸ்வரி மிஸியக் கொண்டுவந்திரிக்கு" என்றார். "கொண்டுவந்திரிக்கெண்டா? அவ நடந்து வரமாட்டாவா?" என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கையிலிருந்த சோக்கை நான் எறிந்த வேகத்தில் அது முன்வரிசைப் பிள்ளை ஒருத்தியின் நெற்றியில் பட்டது. அந்தப் பிள்ளை என்னை மன்னிக்க வேண்டும்.

கரையோர றோட்டில் இரண்டு பக்கமும் நின்று சுட்டிருக்கிறார்கள். நடுவில் டியூட்டிக்கு வந்துகொண்டிருந்த ஒரு சைக்கிள். அது யாருடைய குண்டு என்று அறிய இதுவரை பத்துப் பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். எனக்கு அந்த விசாரணையில் எள்ளளவும் அக்கறையில்லை. எந்தத் துவக்கிலிருந்து வந்ததோ அந்தத் துவக்கு நாசமாய்ப் போகட்டும். கழுத்துக்குக் கீழே நுழைந்திருந்தது. கந்தையா அண்ணன் அவளுடைய வெள்ளை யூனிபோமைக் கத்தரியால் வெட்டித் திறந்தபோது நான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்மணியும் விரிந்து கிடந்தன, சுருங்கவில்லை. டோர்ச்சைச் சுவரில் எறிந்து உடைத்தேன். ஆஸ்பத்திரிச் சாமானை உடைத்ததற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. நான் பதில் எழுதப் போவதில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாங்க மிஸி என்று கேட்டீர்கள். அன்பானவர், பண்பானவர், புன்னகை மாறாதவர் என்று எழுதுவேன் என நினைத்திருப்பீர்கள். அவள் சிரிப்பதே குறைவு. என்னைக் கண்டால் அதுவும் இல்லை. அவளுடைய இடது மணிக்கட்டு கோணலாக இருந்ததை அவள் வகுப்பெடுக்கும்போது நீங்கள் எல்லாரும் கண்டிருக்கிறீர்கள். சைக்கிளால் விழுந்ததென்று உங்களில் யாரோ சொல்லி, மற்றவர்கள் நம்பி, அவளும் மறுக்காமல் விட்டுவிட்டாள். அவள் சைக்கிளால் விழவில்லை. அந்தக் கை என்னால் முறிந்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் பயிற்சிக்குச் சேர்ந்தோம். நான் சாய்ந்தமருது, அவள் காரைதீவு, அடுத்தடுத்த ஊர்; எங்களுடையது முஸ்லிம் ஊர், அவர்களுடையது தமிழ் ஊர். எங்கள் பக்கத்தில் அந்த நாளில் ஒரு பொம்பிளைப் பிள்ளை தாதி வேலைக்குப் போவதென்றால் வீடு ரெண்டுபட்டுப் போகும். "கண்ட ஆம்புளயளத் தொட்டுக் கழுவுற வேலயா?" என்று வாப்பா மூன்று நாள் சோறு தின்னவில்லை. எனக்காக வாப்பாவோடு மல்லுக்கு நின்றவர் என்னுடைய காக்கா, கூடப்பிறந்த அண்ணன், ஜௌபர். "நாளைக்கு எங்கட பொம்புளயளுக்கு ஊசி போட ஆரு வாற? அவ படிக்கட்டும்" என்று சொல்லி, என் பெட்டியைத் தன் சைக்கிள் கரியரில் கட்டி பஸ்ஸடி வரை கொண்டுவந்தவர் அவர். நான் சொல்லப்போவது அந்தக் காக்காவின் உயிரைப் பற்றி.

மருந்தியல் வகுப்பில் எனக்கும் புவனத்துக்கும் ஆகவே ஆகாது. நான் நோட்ஸை அப்படியே பாடமாக்குகிறவள். வாயால் கொடுத்த மருந்து குடலால் ஈரலுக்குப் போய் மெதுவாக ரத்தத்துக்கு வரும். தசையில் ஊசியாகப் போட்டால் கெதியாக வரும். நாளத்தில் ஏற்றினால் உடனே வேலை செய்யும். இந்த மூன்று வரியையும் ஒப்பித்தால் பத்துப் புள்ளி. புவனம் எழும்பி நின்று, "தசையில ரத்தமே ஓடாட்டி என்ன நடக்கும் சேர்?" என்று கேட்டாள். சேருக்குப் பிடிக்கவில்லை. "சோதினைக்கு வராது, இரு" என்றார். வகுப்பே சிரித்தது. நான் மேசைக்குக் கீழே அவளுடைய தொடையில் ரத்தம் கட்ட நுள்ளினேன். வகுப்பு முடிந்ததும் என் பின்னலைப் பிடித்துக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, "இன்னொருக்கா நுள்ளினா இத அடியோட அறுத்துப்போடுவன்" என்றாள். செய்திருப்பாள். அவள் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை.

வாட்டுக்கு வந்த முதல் வருடம் வேளாண்மைக் காலத்தில் ஒருவரைக் கட்டிலோடு கொண்டுவந்தார்கள். வீட்டில் சண்டை, வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தைக் குடித்துவிட்டார். வாயால் நுரை, கண்மணி ஊசிமுனை அளவு, நெஞ்சுக்குள் சளி கொதிக்கிறது. மாற்று மருந்து அத்ரோபின் ஊசி. சில நிமிடத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே வந்தோம். மத்தியானம் அளவில் அந்த மனிசன் எழும்பினான். நுரை போய்விட்டது, உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது, நாக்கு காய்ந்து பலகை. காற்றில் எதையோ பிடிக்கிறான், சேலைன் கம்பியைப் பிடுங்கி வீசுகிறான். நாலு பேர் சேர்ந்து படுக்கை விரிப்பால் கட்டினோம். கட்டும்போது புவனத்தின் முன்கையைக் கடித்துச் சதையைப் பிய்த்துவிட்டான். சொந்தக்காரர்கள் ஜின் பிடிச்சிரிக்கி என்று சொல்லி, ஓதிப் பார்க்க லெப்பையைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்கள். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். புவனம் ரத்தம் ஒழுகுகிற கையோடு அவன்மேல் ஏறி முட்டுக்காலை நெஞ்சில் வைத்து, கண் இமையை விரித்துப் பார்த்தாள். "ஜின்னுமில்ல பேயுமில்ல. நாம போட்ட ஊசிதான் இவருக்கு ஏறியிரிக்கு. டொக்டரக் கூப்பிடுங்க, ஊசியக் கொஞ்சம் நிப்பாட்டுவம்" என்றாள். டொக்டர் வந்து பார்த்து அதையே சொன்னார். பின்னேரம் அந்த மனிசன் தண்ணீர் கேட்டுக் குடித்தான்.

அன்று அவள் கைக்கு நான்தான் தையல் போட உதவினேன். அப்போது சொன்னாள்: "ஊசி குத்தினதோட நம்மட வேல முடிஞ்சிபோச்செண்டு நினைக்கிறாய் நீ. மருந்து அப்பதான் வேலயத் தொடங்குது." உங்களுக்கும் இதைச் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எனக்கு அது காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை.

பிறகு அந்தத் தமிழ், முஸ்லிம் கலவரம் வந்தது. நீங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். றோட்டில் எந்த ஊர்க்காரன் எந்த ஊர்க்காரனைக் கண்டாலும் வெட்டுகிற நாட்கள் அவை. வீடுகள் எரிந்த புகை கடற்காற்றில் வாட்டுக்குள் வந்து, நோயாளிகள் இருமிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் வாட்டில் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே வரிசையில் கிடந்தார்கள். கட்டிலுக்குக் கட்டில் முறைத்துக்கொண்டு, எழும்ப ஏலாதபடியால் மட்டும் சும்மா கிடந்தார்கள். புவனம் மூன்று நாளாக வீட்டுக்குப் போகவில்லை. போக வழியில்லை. வாட்டுப் பொறுப்பு அவளிடம், அபாய மருந்து அலுமாரியின் திறப்புச் சாவி அவளுடைய இடுப்புப் பட்டியில்.

மூன்றாம் நாள் மத்தியானம், லுஹர் பாங்குக்குக் கொஞ்சம் முந்தி ஒரு டிராக்டர் பெட்டி வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து இறக்கியது என் காக்காவை. வலது தொடை எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருந்தது. சாரன் ரத்தத்தில் ஊறி ஒட்டிப்போயிருந்தது. கூட வந்தது மாமி மகன் மீராசாவும் ஆறேழு பொடியன்களும், கையில் கொட்டன் தடி, மன்னாக்கத்தி. டொக்டர் ஓடிவந்து தொடையை இறுக்கிக் கட்டி, சேலைன் ஏற்றி, நோவுக்கு மோர்பின் ஓர் ஊசி தசையில் போடச் சொல்லிவிட்டு, ஏற்கெனவே வயிறு திறந்து கிடந்த ஒருவரைப் பார்க்க ஒப்பரேசன் தியேட்டருக்குள் போய்விட்டார். புவனம் தோள் தசையில் ஊசியைப் போட்டாள். காக்காவின் கை பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தது. நாடி கிடைக்கவேயில்லை.

கால் மணித்தியாலம் போயிற்று, இருபது நிமிடம் போயிற்று. காக்கா கத்துவது நிற்கவில்லை. "நசீறா, என்னக் கொன்றுபோடு, ஏலாதுகா, ஏலாது" என்று என் கையைப் பிடித்துக் கதறினார். நான் புவனத்திடம் போய், "இன்னொரு ஊசி போடு" என்றேன்.

"ஏலாது."

"முதல் ஊசி வேல செய்யல்ல. கண் தெரியல்லியா உனக்கு?"

"வேல செய்யாம இல்ல, இன்னும் தொடங்கல்ல. அவர்ர கையில ரத்தமே ஓடல்ல. மருந்து குத்தின இடத்திலயே அப்படியே கிடக்கு. ரத்தம் ஏத்தினா அது எழும்பும். நீ இப்ப இன்னொண்டப் போட்டா ரெண்டும் ஒண்டா எழும்பும். மூச்சு நிண்டுபோகும், நசீறா. டொக்டர் வரட்டும், நாளத்தில கொஞ்சங் கொஞ்சமாப் போடுவம்."

அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். ஆனால் அந்த நேரம் எனக்கு முன்னால் நின்றது புவனம் இல்லை, காரைதீவுக்காரி. "உங்கட ஆக்கள் வெட்டிப்போட்டாங்க, நீ நோவில சாகட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறாய், என்ன?" என்று கேட்டு, கை ஓங்கி அவள் கன்னத்தில் அறைந்தேன். தொப்பி கழன்று விழுந்தது. மீராசாவும் பொடியன்களும் அவளைத் தள்ளிக்கொண்டு போய் மருந்து கட்டுகிற அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். தள்ளுப்பட்டு அவள் போகும்போதே அவள் இடுப்பிலிருந்த திறப்பை நான் பிடுங்கிவிட்டேன். அலுமாரியைத் திறந்து இரண்டாவது குப்பியை உடைத்து, அதே கையில், அதே தசையில் போட்டேன்.

பள்ளிவாசலில் அறிவித்து ரத்தம் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். ஒரு போத்தல் ஏறியது, இரண்டாவதும் ஏறத் தொடங்கியது. காக்காவின் உதட்டில் நிறம் வந்தது, கை சூடானது, கத்துவது நின்றது. "மாஷா அல்லாஹ், நம்மட புள்ள கை வச்சாத்தான் சுகம்" என்று மீராசா என் தோளில் தட்டினான். நானும் பெருமையோடு நின்றேன். அட, நின்றேனே! நோயாளி சும்மா தூங்குகிறார் என்று நினைத்து ஒரு மூச்சைக்கூட எண்ணாமல், மூன்று வருடம் படித்த தாதி அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

எண்ணியது அவள். அறைக் கதவின் கண்ணாடியால் பார்த்து எண்ணியிருக்கிறாள். கதவைத் தோளால் இடித்துத் திறந்து, மூச்சுக் கொடுக்கிற ரப்பர் பையோடு ஓடிவந்தாள். "ஒரு நிமிசத்துக்கு நாலு மூச்சுதான்கா! விடுங்க என்ன!" காக்காவின் முகம் நீலம் பாய்ந்திருந்தது. மீராசா குனிந்து பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "இவள் போட்ட ஊசிதான்டா! நஞ்சூசி போட்டிரிக்காள், ஹறாங்குட்டி!" என்றான். தலைமயிரைப் பிடித்து இழுத்தான். கொட்டன் மண்டைக்கு வந்தது. அவள் இடது கையைத் தூக்கினாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் வாட்டின் கடைசிக் கட்டில்வரை கேட்டது.

'என்ட ஊசிதான்.' இரண்டே சொல். அதைச் சொல்லியிருந்தால் கொட்டன் இறங்கியிருக்காது. என் சொந்தக்காரன் எனக்கு அடிக்கமாட்டான். எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. இருந்தும் என் வாய் திறக்கவில்லை. மற்றவர்களுக்கு முன்னால், காக்காவைக் கொன்றவள் என்ற பெயர் எனக்கு வந்துவிடும் என்று பயந்தேன், அவ்வளவுதான். மீராசா மறுகா ஓங்கினபோதுதான், "அடிக்காத, அவளால மட்டும்தான் காப்பாத்த ஏலும்" என்று அலறினேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

அவள் முறிந்த கையைத் தொங்கவிட்டபடி கட்டிலின் தலைமாட்டில் முழங்காலில் நின்றாள். "தாடையத் தூக்கி முகமூடிய அழுத்திப் பிடி. எனக்கு ஒரு கைதான் இரிக்கு" என்றாள். நான் பிடித்தேன். அவள் வலது கையால் பையை அமுக்கினாள். கந்தையா அண்ணன் தியேட்டருக்கு ஓடி நலொக்சோன் இரண்டு குப்பி கொண்டுவந்தார். மோர்பினைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் குந்துகிற மருந்து என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். முதல் குப்பியை அவள் சொல்லச் சொல்ல நாளத்தில் ஏற்றினேன். இரண்டு நிமிடத்தில் காக்கா கண் திறந்து எல்லாரையும் தூசணத்தால் ஏசினார். பொடியன்கள் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார்கள்.

"சந்தோசப்படாத" என்றாள் புவனம். "இது கெதியா வந்து கெதியாப் போற மருந்து. மோர்பின் அப்படிப் போகாது, உள்ளுக்க இருந்து பாக்கும்." முக்கால் மணித்தியாலத்தில் காக்கா மறுபடி நீலமானார். இரண்டாவது குப்பியும் போனது. அதன் வேலையும் முடிந்தபின் எங்களிடம் மிச்சமிருந்தது அந்த ரப்பர் பை மட்டும்தான். அஸர் போய், பொழுது பட்டு மஹ்ரிபுக்குப் பாங்கு சொல்கிற வரைக்கும் அவள் ஒற்றைக் கையால் அமுக்கிக்கொண்டே இருந்தாள். இடையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், நோவில். வாந்தி எடுக்கும்போதும் பையை விடவில்லை. முறிந்த கை வீங்கி மினுங்கியது. அவளைப் பார்க்கப் பயந்து நான் காக்காவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். டொக்டர் தியேட்டரிலிருந்து வந்தபோது காக்கா சொந்தமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அவளுடைய கைக்கு மாவுக்கட்டுப் போட்டு முடிந்ததும் அபாய மருந்துப் பதிவேட்டை என் முன்னால் தள்ளினாள். "எழுது" என்றாள். "என்ட பேரயா?" என்று கேட்டேன். "வேற ஆருட பேர? போட்டது நீ." எழுதினேன். ஆறு மாதம் என்னை வாட்டிலிருந்து எடுத்துத் துணி அறையில் போட்டார்கள். வீட்டில் அதற்கு ஏதோ ஒரு பொய் சொன்னேன். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை, காரைதீவு மிஸி ஒருத்தி ஜௌபருக்கு நஞ்சூசி போட்டாள், தங்கச்சி நின்றபடியால் பிழைத்தான் என்பதுதான்.

"அவங்களுக்கு நீ ஏன் சொல்லல்ல?" என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "கேட்டாங்களா? அடிச்சாங்க, கேக்கல்ல" என்றாள். என்னை மன்னித்துவிட்டாயா என்றும் கேட்டேன். "கை நோகுது, போகா" என்றாள். மாவுக்கட்டுக் கழற்றி ஒரு வருடமாகியும் அதையேதான் சொன்னாள். உங்களுக்கு அதிர்ச்சி நோயாளிக்குத் தசையில் ஊசி போடக்கூடாதென்று படிப்பிக்கும்போது, "ஒரு தாதி இப்பிடித்தான் ரெண்டாவது ஊசியப் போட்டாள்" என்று தொடங்குவாளே, ஞாபகமிருக்கிறதா? அடுத்த அறையில் இருந்து நான் கேட்டிருக்கிறேன். ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. அந்தத் தாதி நான்தான்.

அவளுடைய உடல் காரைதீவுக்குப் போன அன்று றோட்டு மூடிக் கிடந்தது. என்னால் போக முடியவில்லை. வீட்டுக்கு வந்தேன். காக்கா சோறு தின்றுகொண்டிருந்தார். காலை நீட்டிக்கொண்டுதான் இருப்பார், மடங்காது. மடியில் அவருடைய சின்ன மகள். செய்தி அவருக்கும் வந்திருந்தது. "அந்த நஞ்சூசிக்காரிதானாம், என்ன? அல்லாஹ் பாத்திரிக்கான். நான் கேட்ட பத்துவா வீண்போகல்ல" என்றார். தொழுகைக்குப் பிறகு அவளை அழித்துவிடும்படி இந்த நாலு வருடமும் கையேந்திக் கேட்டிருக்கிறார். நான் அதற்குப் பக்கத்தில் இருந்து ஆமீன் சொல்லாமல், மறுக்காமலும், சும்மா இருந்திருக்கிறேன்.

அவருக்கு முன்னால் இருந்த சோற்றுக் கோப்பையைக் காலால் உதைத்தேன். பிள்ளை அழத் தொடங்கியது. நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியை, அறையை, கொட்டனை, பையை. என் குரல் அடுத்த வளவுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். காக்கா விரலில் ஒட்டியிருந்த சோறு காயும்வரை இருந்தார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"அந்தப் புள்ளட பேரென்ன?"

நாலு வருடத்தில் அவருக்கு அது தெரியாது. சொன்னேன். "புவனேஸ்வரி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். றோட்டுத் திறந்த அன்று தனியாக, சைக்கிளை உருட்டிக்கொண்டு, நொண்டி நொண்டிக் காரைதீவுக்குப் போனார். அவளுடைய அம்மாவிடம் என்ன கதைத்தார், அவர்கள் இவரை வாசலில் ஏற்றினார்களா இல்லையா, எனக்குத் தெரியாது. கேட்கும் தகுதி எனக்கில்லை.

பிள்ளைகளே, ஒருவர் போனால் அவருடையதாக நம்மிடம் என்ன இருக்கிறதென்று எழுதி முடிக்க வேண்டுமாம். அவளுடைய புத்தகமோ படமோ என்னிடம் இல்லை. இருப்பது என் காக்கா. நான் இதை எழுதும்போது முன்வாசலில் இருக்கிறார், மகளுக்குத் தலை வாரிவிடுகிறார். அன்றையிலிருந்து என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. நான் வைத்த தேத்தண்ணியைக்கூடத் தொடுவதில்லை. கதைக்காமல், நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறார்.